பேர்கன் நகரத்து வானிலை மாணாக்கர்

மேல்நாட்டு வானிலைப் படங்களைப் பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ பார்த்திருப்போர், அவற்றிலே சிவப்புக் கோடொன்றும் நீலக் கோடொன்றும் வளைந்து கிடப்பதைக் கண்டிருப்பர். சிவப்புக் கோட்டின்மேல் அரைவட்டங்கள் இருக்கும். நீலக் கோட்டின்மேல் முக்கோணங்கள் இருக்கும். வெப்ப வளி எவ்விடத்தில் முன்னேறுகின்றது, குளிர் வளி எவ்விடத்தில் தள்ளிக்கொண்டு வருகின்றது என்பதை அவை காட்டுகின்றன. எம்முடைய பாடசாலைப் பிள்ளைகளும் புவியியற் பாடத்தில் அவற்றைக் கற்கின்றனர். ஆயினும், அக்கோடுகளை முதன்முதல் வரைந்தவர்கள் தாடி நரைத்த பேராசிரியர்கள் அல்லர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதினரான ஒரு சில வாலிபர்களே அவற்றை வரைந்தனர். அவர்களுட் சிலர் இன்னும் மாணாக்கர்; சிலர் அப்போதுதான் பட்டம் பெற்றவர். அவர்கள் அதனைக் கண்டதும் நூல்நிலையத்திலிருந்தன்று. நாளைக்கு மழையா வெயிலா என்று கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் குறித்த மணிக்குள் சொல்லியே தீரவேண்டியதொரு வேலையறையில் இருந்தபடியே கண்டனர். நோர்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் என்னும் மழை நகரத்திலே நடந்த அவ்வரலாற்றை இம்மலரைப் படிக்கும் இளைஞரும் பெரியோரும் ஒருங்கே அறிந்திருத்தல் நன்றெனக் கருதி எழுதத் துணிந்தேன்.

இக்கதைக்கு மூலபுருடர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் என்பவர். 1862-ஆம் ஆண்டு பிறந்த இவர் பௌதிகவியலிலும் கணிதத்திலும் வல்லவர். 1904-இல் இவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வளிமண்டலத்தின் இன்றைய நிலையைச் செம்மையாக அறிந்து, அது எவ்விதிகளுக்கு அமைந்து மாறுகின்றது என்பதையும் அறிந்தால், நாளைய நிலையைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்பது அக்கட்டுரையின் சாரம். சந்திர கிரகணத்தை நாம் முன்கூட்டியே கணிக்கிறோமல்லவா? அதுபோல மழையையும் கணிக்கலாம் என்றார். அக்காலத்து வானிலை உத்தியோகத்தர்கள் அப்படிச் செய்யவில்லை. பழைய படங்களோடு இன்றைய படத்தை ஒப்பிட்டு, முன்னொருநாள் இப்படி இருந்தபோது மறுநாள் இன்னது நடந்தது, ஆகவே நாளையும் இன்னது நடக்கலாம் என்று அநுபவத்தைக் கொண்டு சொல்லிவந்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது விஞ்ஞானமன்று, கைப்பழக்கம் என்பது பியெர்க்னெஸின் எண்ணம்.

1905-இல் அவர் அமெரிக்காவிலே சொற்பொழிவாற்றியபோது வாஷிங்டனிலுள்ள கார்னெகி நிறுவனத்தார் இவர் கருத்தை மெச்சி, ஆண்டுதோறும் உதவிப்பணம் வழங்க முன்வந்தனர். அப்பணம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குக் கிடைத்தது. அதைக்கொண்டு அவர் இளம் உதவியாளர்களை அமர்த்தினார். ஒருவர் போக ஒருவராக வந்த அவ்வுதவியாளர்களுட் பலர் பிற்காலத்தில் வானிலை இயலிலும் சமுத்திரவியலிலும் புகழ்பெற்றனர். ஆசிரியர் ஒருவரின் பெருமையை அவர் எழுதிய நூல்களைக் கொண்டு அளக்கலாம். அவர் அடுப்பிலே உலை வைத்துவிட்டு எத்தனை பேரைச் சமைக்க விட்டார் என்பதைக் கொண்டும் அளக்கலாம். பியெர்க்னெஸ் இரண்டாவது வகையிற் பெரியவர்.

1913-இல் அவர் ஜேர்மனியின் லைப்சிக் நகரத்துப் புதிய புவிப்பௌதிக நிறுவனத்துக்குத் தலைவராகச் சென்றார். அடுத்த ஆண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது. ஜேர்மன் மாணாக்கர் ஒவ்வொருவராகப் போர்முனைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஹேர்பேட் பெற்சோல்ட் என்ற இளைஞர், காற்றுக்கள் ஒன்றையொன்று எதிர்கொண்டு கூடும் கோடுகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1916-இல் வேர்டன் போர்க்களத்திலே அவர் மாண்டார். அவர் மேசையில் விட்டுச்சென்ற ஆராய்ச்சியை, பேராசிரியரின் சொந்த மகனாகிய யாக்கொப் பியெர்க்னெஸ் எடுத்துத் தொடர்ந்தார். யாக்கொப்புக்கு அப்போது வயது பதினெட்டு. பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு கொள்கையின் முதல் இழை, களத்திலே இறந்துபோன ஒரு மாணவனின் கையிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கின்றது. பெற்சோல்ட் உயிரோடிருந்தால் இன்று நாம் யார் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போமோ!

நிற்க. யுத்தகாலத்து லைப்சிக்கில் ஆராய்ச்சி நடத்தல் இயலாதெனக் கண்ட பியெர்க்னெஸ், 1917-இல் தாயகம் திரும்பிப் பேர்கனில் குடியேறினார். அங்கே புதிதாகத் தொடங்கப்பட்ட புவிப்பௌதிக நிறுவனம் அவரை வரவேற்றது. மகன் யாக்கொப்பும், ஹல்வோர் சோல்பேர்க் என்ற இளைஞரும் கூடச் சென்றனர்.

பேர்கனிலே ஆண்டொன்றுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். மலைகள் சூழ்ந்த துறைமுகம் அது. மேற்கே அத்திலாந்திக் சமுத்திரம். அங்கிருந்துதான் புயலும் மழையும் வரும். ஆகவே மேற்கே கடலில் என்ன நடக்கிறது என்று அறியாமல் பேர்கனின் நாளைய வானிலையைச் சொல்ல முடியாது. ஆனால் யுத்தம் அந்தச் செய்தியை அடைத்துவிட்டது. வானிலைச் செய்தி போர் இரகசியமாயிற்று. பிரித்தானியாவிலிருந்து தந்தி வராது. கடலிலே செல்லும் கப்பல்கள் வாய் திறவா. நோர்வே நடுநிலை நாடுதான். எனினும் அதன் வானிலைப் படத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் வெறுங்கடதாசியாகக் கிடந்தது.

அத்துடன் பஞ்சம் வேறு தலைகாட்டியது. தானியத்துக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நோர்வேக்கு யுத்தத்தால் இறக்குமதி குறைந்தது. உள்நாட்டில் விளைவதை ஒரு மணியும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய நிலை. புல்லையும் கதிரையும் எந்த நாளில் அறுப்பது, எந்த நாளில் காயவிடுவது என்று கமக்காரனுக்கு முன்னரே தெரிந்தால் எவ்வளவு நன்மை! எங்களூரிலே சூடு மிதிக்கும் காலத்தில் மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கலங்கிய பெரியோருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1918-ஆம் ஆண்டு கோடைகாலத்தில் மேற்கு நோர்வேயின் கமக்காரருக்கு நாள்தோறும் வானிலை முன்னறிவிப்பு வழங்கலாம் என்று பியெர்க்னெஸ் அரசாங்கத்துக்கு யோசனை கூறினார். அரசாங்கமும் இசைந்தது.

ஐம்பத்தாறு வயதான கோட்பாட்டு விஞ்ஞானி ஒருவர் இவ்வாறு துணிந்தது சிறிய காரியமன்று. கணக்குப் போட்டு வானிலையைச் சொல்லும் முறை அவரிடம் அப்போது ஆயத்தமாக இல்லை. கணித்து முடிப்பதற்குள் புயலே கடந்துபோய்விடும். கையில் இருந்தவை மிகச் சில நிலையங்கள், உடனிருந்தோர் இளைஞர். அறுவடைக் காலமோ நெருங்குகின்றது. 'இன்னும் பத்தாண்டு ஆராய்ந்தபின் பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால் அவரை எவரும் பழித்திருக்க மாட்டார்.

மேற்கிலிருந்து செய்தி வராதாயின் கரையிலேயே கண்களை நெருக்கமாக வைப்போம் என்று அவர் முடிவு செய்தார். கடற்கரை நெடுகச் சென்று, வெளிச்சவீட்டுக் காவலர், மாலுமிகள், மீன்பிடிகாரர் ஆகியோரை நேரிலே கண்டு பேசி, அவதானிகளாகச் சேர்த்தார். நீர்மூழ்கிக் கப்பல்களைப் பார்க்கவெனக் கரையிலே காவலிருந்தவர்களும் வானத்தையும் பார்க்கச் சொல்லப்பட்டனர். தென் நோர்வேயில் தந்தி மூலம் செய்தி அனுப்பிய நிலையங்களின் தொகை அந்த ஒரு கோடையிலேயே ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. இவர்களிற் பெரும்பாலோர் பள்ளியிலே பௌதிகம் படித்தவர்களல்லர். ஆனால் காற்று எத்திசையிலிருந்து எத்துணை வலிமையோடு வீசுகிறது, மேகம் எவ்வடிவில் உள்ளது என்பதைத் தங்கள் உயிருக்காகவே நாள்தோறும் கவனித்துப் பழகியவர்கள். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து வாழும் எமது கடற்றொழிலாளரும் அவர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர்களல்லர் என்று இடையே சொல்லி வைக்கிறேன்.

1918 யூலையிலே சேவை தொடங்கியது. பேர்கன் முன்னறிவிப்புக்குப் பொறுப்பாக வைக்கப்பட்டவர் யாக்கொப். வயது இருபது. பட்டம் இல்லை. பேராசிரியரின் மகன் என்ற சலுகையாற் கிடைத்த வேலை என்று இன்று யாரேனும் முணுமுணுக்கலாம். ஆனால் அது சலுகை தரும் வேலையாக இருக்கவில்லை. பியெர்க்னெஸ் குடும்பம் வாழ்ந்த வீட்டின் மாடியே வேலைத்தலமாயிற்று. தந்திகள் வரும். ஒவ்வொரு நிலையத்தின் அமுக்கம், வெப்பம், காற்று, மேகம், மழை எல்லாவற்றையும் பெரிய படத்திலே குறிக்க வேண்டும். சம அமுக்கக் கோடுகளை வரைய வேண்டும். காற்றுக்கள் எங்கே கூடுகின்றன என்று தேட வேண்டும். பின்னர் 'இன்ன பகுதியில் நாளை மழை' என்றோ 'மழையில்லை' என்றோ எழுதிக் கையொப்பமிட்டதுபோல் ஊருக்கு அனுப்ப வேண்டும். நேரம் பிந்தினால் பயனில்லை. பொழுது விடிந்தால் விடைத்தாளை வானமே திருத்திவிடும். பிழையாயின் நனைந்த புல்லோடு கமக்காரன் நிற்பான்.

இவ்வேலைக்குள்ளே ஒரு விந்தை நிகழ்ந்தது. அதுவரை புயலையும் தாழமுக்கத்தையும் வட்டமானதொரு சுழி என்றே பலரும் கருதினர். படத்தில் நிலையங்கள் நூறும் இருநூறும் மைலுக்கு ஒன்றாக இருந்தால் அவ்வாறுதான் தோன்றும். ஆனால் நெருக்கமாக நிலையங்களைக் குறித்த யாக்கொப்பின் படங்களிலே, சுழியின் நடுவிலிருந்து புறப்படும் இரண்டு கூர்மையான கோடுகள் நாளுக்கு நாள் தென்பட்டன. கோட்டுக்கு இப்பக்கம் காற்று ஒரு திசை, அப்பக்கம் வேறு திசை. இப்பக்கம் இளஞ்சூடு, அப்பக்கம் குளிர். மழையோ சுழி முழுவதும் பரவிப் பெய்யவில்லை. அந்த இரு கோடுகளை ஒட்டிப் பட்டை பட்டையாகப் பெய்தது. இரு கோடுகளுக்கும் இடையே வெப்ப வளி நாக்குப் போல் நீண்டிருந்தது.

ஏன் அவ்வாறு? வெப்ப வளி இலேசானது. குளிர் வளி கனமானது. முன்னேறி வரும் வெப்ப வளி, எதிரே கிடக்கும் குளிர் வளியைத் தள்ள மாட்டாமல் அதன்மேற் சரிந்து ஏறுகின்றது. ஏறுகையிற் குளிர்ந்து மேகமாகி, அகன்ற பரப்பிலே நெடுநேரம் மெல்லிய மழை பொழிகின்றது. பின்னாலே வரும் குளிர் வளியோ ஆப்புப் போல வெப்ப வளியின் அடியிற் புகுந்து அதனைச் சடுதியாகத் தூக்கியெறிகின்றது. அதனால் குறுகிய பட்டையிலே காற்றோடு கூடிய பெருமழை. இதனை யாக்கொப் எட்டே பக்கங்களில் எழுதினார். 'இயங்கும் சூறாவளிகளின் அமைப்பு' என்ற பொருள்பட்ட தலைப்போடு 1919-இல் அது வெளிவந்தது. எழுதியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. அந்த எட்டுப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு கோடையின் தந்திகள் அத்தனையும் இருக்கின்றன.

அவ்வாண்டு சுவீடனிலிருந்தும் இளைஞர் வந்து சேர்ந்தனர். தோர் பேர்ஷெரோன் ஒருவர். காள் குஸ்தாவ் ரொஸ்பி மற்றவர். ரொஸ்பிக்கு வயது இருபது. பேச்சுவல்லவர், ஓரிடத்தில் இருக்க மாட்டாதவர். படத்திலே வெப்ப முகப்பைச் சிவப்பாலும் குளிர் முகப்பை நீலத்தாலும் வரைவோம் என்ற யோசனையை அவரே சொன்னார் என்பர். பேர்ஷெரோன் அதற்கு நேர்மாறான சுபாவம். கூர்ந்து, மீண்டும் மீண்டும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். 1919-ஆம் ஆண்டு பிற்பகுதியில், இரு கோடுகளும் சில படங்களிலே பொருந்தி வரவில்லை என்று கண்டார். ஆராய்ந்தபோது, பின்னால் வரும் குளிர் முகப்பு விரைந்து சென்று முன்னாலுள்ள வெப்ப முகப்பைப் பிடித்துவிடுகிறது, இடையிலிருந்த வெப்ப வளி நிலத்தை விட்டு முற்றாக மேலே தூக்கப்படுகிறது என்று தெளிந்தது. அத்தோடு அச்சுழி இளைக்கத் தொடங்கும். புயலுக்கும் பிறப்பு, வளர்ச்சி, முதுமை, முடிவு உண்டு என்பது இதனால் விளங்கிற்று. சோல்பேர்க்கோ, ஒன்றன்பின் ஒன்றாகக் குடும்பம் போலப் புயல்கள் வருவதைக் கண்டார். வடதுருவக் குளிர் வளியும் தெற்கின் வெப்ப வளியும் எதிரெதிரே நிற்கும் நெடுங்கோட்டிலே அலைகள் எழுகின்றன, அவ்வலைகளே புயல்களாகின்றன. யாக்கொப்பும் சோல்பேர்க்கும் இவற்றையெல்லாம் ஒருங்கு கூட்டி 1922-இல் வெளியிட்டனர்.

அக்கோடுகளுக்கு அவர்கள் இட்ட பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. நாம் இன்று முகப்பு என்று தமிழிலே சொல்லும் சொல் அவர்கள் மொழியிலே போர்முனையைக் குறிப்பது. நான்காண்டுகளாகப் பத்திரிகை திறந்தாற் போர்முனைச் செய்தியே படித்த தலைமுறை, வானத்திலும் இரு சேனைகள் எதிரெதிரே நிற்பதைக் கண்டதில் வியப்பில்லை.

முக்கோணமும் அரைவட்டமும் வந்த கதை இன்னும் சுவையானது. 1924 சனவரியில், லைப்சிக்கிலிருந்த பேர்ஷெரோன் யாக்கொப்புக்கு எழுதிய ஒரு தபாலட்டையிலே அவ்வடையாளங்களை வரைந்து, இப்படிக் குறித்தால் என்ன என்று கேட்டிருந்தார். அச்சிடும்போது நிறம் இல்லாவிட்டாலும் முகப்பை அறிந்துகொள்ள அவை உதவின. ஒரு தபாலட்டையிலே பிறந்த அடையாளங்கள் இன்று உலகத்தின் எந்த மூலையிலும் வழங்குகின்றன.

பேர்கனிலே பலூன்கொண்டு மேல்வானத்தை அளக்க வசதி குறைவு. ஆகவே நிலத்தில் நின்றபடியே மேகத்தைப் பார்த்து மேல்வானத்தை ஊகிக்கப் பழகினர். படத்தை வரைபவன் இடையிடையே சாளரத்தால் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது பேர்ஷெரோனின் ஓயாத உபதேசம். அவர் கண்ணுக்குத் தப்பியது சிறிது. 1922-இல் ஒஸ்லோ நகரத்தின் மேலுள்ள வொக்சன்கொல்லன் குன்றிலே சில வாரம் தங்கியிருந்தபோது, காட்டுப்பாதையில் மூடுபனி படியும் விதத்தைக் கவனித்தார். உறைநிலைக்கு மேல் வெப்பமுள்ள நாட்களில் மூடுபனி மரங்களுக்கிடையே நிலம்வரை நிறைந்திருந்தது. உறைநிலைக்கு நன்கு கீழே போன நாட்களில் மரக்கிளைகளில் வெண்பனி படிந்திருக்க, பாதை மட்டும் தெளிவாயிருந்தது. கிளையிலிருந்த பனிப்பளிங்குகள் அருகிலுள்ள நீர்த்துளிகளின் ஈரத்தைத் தம்மிடம் இழுத்துக்கொள்கின்றன என்று உணர்ந்தார். உயர்ந்த மேகத்திலும் இவ்வாறே பனிப்பளிங்கு பருத்து மழையாகலாமன்றோ? மழை பிறக்கும் வழிகளில் ஒன்றை இவ்வாறு ஒரு மனிதர் நடைபாதையிலே கண்டெடுத்தார்.

இவையெல்லாம் எளிதாகக் கிடைத்த வெற்றிகள் என்று எண்ணலாகாது. பிறநாட்டு மூத்த வானிலையாளர் பலர், 'பேர்கன் பையன்கள் இல்லாத கோடுகளை இழுக்கிறார்கள்' என்னும் தோரணையிலேயே நெடுங்காலம் இருந்தனர். அமெரிக்க அரசாங்க வானிலைச் சேவை இம்முறையைத் தன் அன்றாடப் படங்களிலே கைக்கொள்ள 1930-களின் பிற்பகுதி வரை சென்றது. உயிரும் பலியாயிற்று. அக்கூட்டத்திலே ஒருவராகிய ஏர்ன்ஸ்ற் கல்வாகன் என்ற சுவீடன் இளைஞர், மேல்வானத்தை அளப்பதற்காக விமானத்திலே ஏறியவர், 1925-இல் விபத்திலே மாண்டார்.

இவ்விடத்தில் என் சொந்தக் கதையொன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் பயின்ற மிசன் பாடசாலையின் முற்றத்திலே ஒரு மழைமானி இருந்தது. காலை எட்டரை மணிக்கு அதனை அளந்து கொப்பியிலே குறிப்பது எமது வகுப்பின் முறை. நானும் இரண்டு தவணை அளந்தேன். மாதமுடிவிலே கொப்பியை ஆசிரியர் வாங்கிக் கையொப்பமிட்டு அலுமாரியில் வைப்பார். அந்த எண்களைக் கொண்டு நாளைக்கு என்ன நடக்கும் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டதில்லை. ஒருமுறை அடைமழை நாளிலே நனைய மனமின்றி, மூடிய அறையிலிருந்தபடியே ஓர் எண்ணை எழுதிவிட்டேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாமற் போனதுதான் இன்றுவரை என்னை உறுத்துகின்றது. யாக்கொப்பின் தந்திகளுள் ஒன்று அப்படிப் பொய்யாக இருந்திருந்தால் மறுநாளே எங்கோ ஒரு கோடு வளைந்திருக்கும், எவனோ ஒருவனின் புல் நனைந்திருக்கும். அளப்பது ஒன்று, அளந்ததற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருப்பது வேறொன்று.

பேர்கனிற் பழகியவர்கள் பின்னர் உலகெங்கும் பரவினர். ரொஸ்பி 1926-இல் அமெரிக்கா சென்றார். விமானப் போக்குவரத்துக்கென கலிபோர்னியாவிலே பரீட்சார்த்தமான வானிலைச் சேவையொன்றை நடத்தினார். 1928-இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே வானிலைக் கல்வியைத் தொடங்கினார். 1940-இல் சிக்காகோவிலே அதையே செய்தார். இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது அமெரிக்க விமானப்படைக்கு ஆயிரக்கணக்கான வானிலை உத்தியோகத்தர் தேவைப்பட்டனர். கணிதமும் பௌதிகமும் படித்துக்கொண்டிருந்த மாணாக்கரை ஐந்து கல்வி நிலையங்களிலே சேர்த்து, சில மாதங்களிற் பயிற்றி, ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை உருவாக்கினர். பேர்கன் மாடியில் விரல்விட்டு எண்ணக்கூடியோர் செய்ததை இப்போது ஒரு சேனையே செய்தது. யாக்கொப்பும் அப்பணியிலே அகப்பட்டுக்கொண்டார். அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்றப் போயிருந்தபோது 1940 ஏப்பிரிலில் ஜேர்மனி நோர்வேயைக் கைப்பற்றியது. திரும்ப முடியாமல் லொஸ் ஏஞ்சலிசிலே தங்கிப் பயிற்சி வகுப்பை நடத்தினார்.

பேர்கன் முறையிலே தேர்ந்த இன்னொரு நோர்வேஜியர் ஸ்வேர பெற்றசன். 1944 யூன் மாதம் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்க இருந்தபோது, வானிலை கூறிய குழுக்களுள் ஒன்றிலே இவர் இருந்தார். யூன் 5-ஆந் தேதிக்கு வைத்த நாளை ஒத்திவையுங்கள் என்ற பக்கத்திலே நின்றவர்களுள் இவர் முக்கியமானவர். ஜேம்ஸ் ஸ்ராக் தலைமை வானிலையாளராக இருந்து தளபதிக்கு அறிவித்தார். நாள் 6-ஆந் தேதிக்கு மாற்றப்பட்டது. அடுத்து வாய்த்திருக்கக்கூடிய தவணை இரு வாரம் கழித்து. அந்நாட்களிலோ, யூன் 19 தொடங்கிக் கால்வாயிலே பெரும்புயல் அடித்தது.

ஆயினும் பேர்கனார் கண்டது எல்லா நாட்டுக்கும் பொருந்திய வேதமன்று. இதனை அழுத்திச் சொல்வது எம் கடமை. ஏனெனில் இது எம் கடலைப் பற்றியது. யுத்தகாலத்திலே வெப்பவலயத்துக்கு அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர்கள், தாம் வகுப்பிலே கற்றபடி முகப்புகளைத் தேடினர், காணவில்லை. எங்கள் பிரதேசத்திலே வெப்ப வளி, குளிர் வளி என்ற அத்துணை வேற்றுமை கிடையாது. வங்காள விரிகுடாப் புயலுக்குச் சிவப்புக் கோடுமில்லை, நீலக் கோடுமில்லை. வெதுவெதுப்பான கடல்நீரின் ஆவியே அதற்கு எரிபொருள். இக்குறையை உணர்ந்து 1943-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தொடர்போடு புவேட்டோ றிக்கோ தீவிலே வெப்பவலய வானிலைக்கெனத் தனி நிறுவனம் அமைத்தனர். அங்கு பணியாற்றிய ஹேர்பேட் றீல், வெப்பவலய வானிலை பற்றிய தமது பெருநூலை 1954-இல் வெளியிட்டார்.

1964 டிசெம்பர் 22-ஆந் தேதி எமது வடபகுதியைத் தாக்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பர் 23-ஆந் தேதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 1964-இன் அந்த நாளிலே கரையில் இருந்த என் பாட்டனார், பிற்பகலிலே கடலின் இரைச்சல் மாறியதைக் கேட்டு வள்ளத்தை மேலே இழுத்ததாகச் சொல்வார். 'மோனை, காத்து ஒரு பக்கத்தாலை வராமல் சுத்தி வந்தது' என்பது அவர் வார்த்தை. காற்றின் திசை மாற்றத்தைக் கொண்டு சுழியின் நடு எங்கேயென்று அறிவது வானிலை நூல்களிலும் உள்ள முறைதான். அவரை எந்த நிலையத்தாரும் அவதானியாகச் சேர்த்ததில்லை.

இனி, கணக்குப் போட்டே வானிலையைச் சொல்லலாம் என்ற 1904-ஆம் ஆண்டுக் கனவு என்னவாயிற்று? லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், பியெர்க்னெஸ் லைப்சிக்கிலே தொகுத்த படங்களையே எடுத்து, 1910 மே 20-ஆந் தேதிக்குரிய ஆறு மணித்தியால மாற்றத்தைக் கையாற் கணித்தார். அமுக்கம் 145 மில்லிபார் கூடும் என்று விடை வந்தது. உண்மையில் அது அசையவே இல்லை. அத்தோல்வியை ஒளிக்காமல் 1922-இல் நூலாக வெளியிட்டார். 1950-இலே அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்கணிப்பொறியைக் கொண்டு ஜூல் சார்னி முதலியோர் முதல் வெற்றியைக் கண்டனர். இருபத்துநான்கு மணித்தியால முன்னறிவிப்பைக் கணிக்க ஏறத்தாழ இருபத்துநான்கு மணித்தியாலமே சென்றது. அந்தச் சார்னி, யுத்தகாலத்திலே லொஸ் ஏஞ்சலிசுப் பயிற்சி வகுப்பிலே உதவியாசிரியராகச் சேர்ந்து இத்துறைக்கு வந்தவர். குழுவிலிருந்த ரக்னார் பியொர்டொஃப்ற் பேர்கனிலே அன்றாட முன்னறிவிப்பு எழுதியவர். கிழவர் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் அப்போது உயிரோடிருந்தார். 1951 ஏப்பிரிலிலேயே காலமானார்.

அக்கனவுக்கு எல்லையுண்டு என்று காட்டியவரும் இந்த மாணவ சேனையிலிருந்தே வந்தார். கணிதம் படித்துக்கொண்டிருந்த எட்வேட் லோரன்ஸ் 1942-இல் வானிலைப் பயிற்சியிற் சேர்ந்து, பசிபிக் தீவுகளிலே விமானங்களுக்கு வானிலை சொன்னார். 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்றைய நிலையை அளப்பதில் நேரும் மிகச் சிறு பிழையும் நாட்கள் செல்லச் செல்லப் பெருகி, நெடுநாளைக்கு முன்கூட்டிச் சொல்வதைப் பயனற்றதாக்கிவிடும் என்று கணிதத்தாலே காட்டியது. என் மழைமானிக் கொப்பியை நினைத்துக்கொண்டுதான் நான் அதனைப் படித்தேன்.

யாக்கொப் பியெர்க்னெஸ் முதுமையிலும் படம் வரைவதை விடவில்லை. இந்தியாவின் வானிலை அவதான நிலையங்களுக்குத் தலைவராயிருந்த கில்பேட் வோக்கர், பருவமழை பொய்க்கும் ஆண்டை முன்னறிய முயன்றபோது, பசிபிக் சமுத்திரத்தின் ஒருபுறத்து அமுக்கம் ஏறினால் இந்து சமுத்திரப் பக்கத்து அமுக்கம் இறங்குகிறதென்று 1920-களிலே கண்டிருந்தார். ஏன் என்று அவரால் விளக்க முடியவில்லை. பெரு நாட்டுக் கடல் சில ஆண்டுகளிலே சூடாகும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியும் இதுவும் ஒரே பொறியின் இரு சக்கரங்கள் என்று 1969-இலே யாக்கொப் விளக்கினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. எல் நினோ ஆண்டுகளிலே ஒக்தோபர் முதல் டிசெம்பர் வரை இலங்கையிற் பெய்யும் மழை வழமையிலும் கூடுதலாக இருக்கும் போக்குடையது. வன்னிக் குளங்கள் வான் பாயுமா என்று பார்த்திருக்கும் கமக்காரனுக்கு ஒக்தோபருக்கு முன்பே ஒரு சிறு குறிப்பாவது இன்று கிடைக்கிறதென்றால், அதன் ஒரு முனை பேர்கன் வீட்டு மாடியில் இருக்கின்றது.